பிள்ளை படிக்கவில்லை என்று யாரைக் குறை சொல்கிறீர்கள்?

புத்தகக் காட்சியில் குழந்தைகள் புத்தகங்களை அடுக்கியிருக்கும் அரங்கின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும், பெற்றோராகிய நம்முடைய பேச்சு முழுவதும் காதில் விழும்.

“இதுல வெறும் படம்தான் இருக்கு, எழுத்தையே காணோம். இதுக்கா இவ்ளோ விலை?”

“இத ஒரு மணி நேரத்துல படிச்சு முடிச்சிடுவே. அப்புறம் வீட்ல சும்மாதான் கிடக்கும்.”

“கதையெல்லாம் வேணாம்டா. ஜி.கே. புக் எடு, ஸ்கூலுக்கு உதவும்.”

பிள்ளை கையில் எடுத்ததைத் திரும்ப வைத்துவிடுகிறது. அடுத்த அரங்கில் எடுக்கவே தயங்குகிறது. மறு ஆண்டு வரும்போது அப்பாவின் செல்போனை வாங்கிக்கொண்டு ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. அப்புறம் நாமே பள்ளிக்கூட வாசலிலும் உறவினர் வீட்டிலும் சொல்லிக்கொண்டு திரிகிறோம்: “எம் பொண்ணு புக்கைத் தொடவே மாட்டேங்கிறா. எந்நேரமும் போன்தான்.”

அவள் தொட்டாள். தொட்டபோது வாங்கி வைத்தது நாம்.

பிள்ளைகளுக்குப் படிக்கும் ஆசை இல்லை என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கதை வேண்டாம் என்று சொன்ன நான்கு வயதுக் குழந்தையை நான் பார்த்ததில்லை. அந்த ஆசைக்கு நாம் எதைக் கொடுத்தோம்? வீட்டில் பிள்ளையின் பெயரில் இருக்கும் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். பாடநூல் இருக்கும், அதற்கு நோட்ஸ் இருக்கும், கையெழுத்துப் பயிற்சி ஏடு இருக்கும், போட்டியில் பரிசாக வந்த திருக்குறள் உரை இருக்கும், யாரோ கொடுத்த நீதிக்கதைத் தொகுதி பிரிக்காமல் இருக்கும். அந்தப் பிள்ளை விரும்பிக் கேட்டு வாங்கியது என்று ஒன்றாவது இருக்கிறதா? புத்தகத்தை நாம் விளக்கெண்ணெய் மாதிரி புகட்டுகிறோம். உடம்புக்கு நல்லது, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கு என்கிறோம். பிறகு ஏன் வாயை மூடிக்கொள்கிறது என்று கேட்கிறோம்.

முதலில் இந்த நீதி விஷயத்தை விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கதை முடிந்ததும் “இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?” என்று கேட்கும் பழக்கம் நம்மில் ஊறிப்போயிருக்கிறது. முயல் தோற்றதும் பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சிரிப்பை நிறுத்தி, சோம்பேறித்தனம் கூடாது என்று சொல்ல வைக்கிறோம். நல்லதைச் சொல்லித்தர நமக்கு ஆத்திசூடி இருக்கிறது, கொன்றை வேந்தன் இருக்கிறது. அவற்றைச் சொல்லிக்கொடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஆயிரத்து முந்நூற்று முப்பது குறளையும் ஒப்பிக்கும் பிள்ளை ஒரு கதைப் புத்தகத்தைத் தானாகப் பிரித்து உட்கார்ந்ததில்லை என்றால், அந்தப் பிள்ளைக்கு நினைவாற்றல் இருக்கிறது, வாசிப்பு இன்னும் வரவில்லை. கைதட்டல் முடிந்ததும் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

“எங்க காலத்துல அம்புலிமாமா இருந்துச்சு. இப்ப என்ன இருக்கு?” இதை எத்தனை பேர் சொல்கிறார்கள்! 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் ஒன்றாகத் தொடங்கிய இதழ் அது. விக்கிரமன் வேதாளத்தைத் தோளில் சுமந்து போகும் அந்தப் படத்தை ஓவியர் சங்கர் வரைந்தார்; அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் அந்த இதழுக்கு வரைந்தார். அம்புலிமாமா நின்றுபோனது. வாண்டுமாமாவின் பூந்தளிர் நின்றுபோனது. அழ. வள்ளியப்பா ஆசிரியராக இருந்த கோகுலம் இன்று அச்சில் வருவதில்லை. இவை நின்றபோது நமக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். நம்மில் எத்தனை பேர் சந்தா கட்டினோம்? நம் அப்பா அம்மா வாங்கிக் கொடுத்ததை நாம் படித்தோம். நம் முறை வந்தபோது வாங்கிக் கொடுக்கவில்லை. பழைய இதழ்களின் அட்டைப் படத்தை வாட்ஸப்பில் பகிர்ந்து பெருமூச்சு விடுவதால் எந்தக் குழந்தைக்கும் ஒரு பக்கம்கூடப் படிக்கக் கிடைக்காது.

இப்போது என்ன இருக்கிறது என்று உண்மையாகவே கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். நிறைய இருக்கிறது. அறிவியல் ஆர்வமுள்ள பிள்ளைக்குத் துளிர் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் தொடங்கிய இதழ். பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், வானம் பதிப்பகம், சென்னையின் தூலிகா, தாரா, டெல்லியிலிருந்து தமிழிலும் வெளியிடும் நேஷனல் புக் டிரஸ்ட் என்று தேடினால் ஒரு குழந்தைப் பருவம் முழுவதற்கும் போதுமான புத்தகங்கள் கிடைக்கும். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயா வரிசை இன்றும் விலை மலிவு. பிறந்தநாள் கேக் ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சின்ன அலமாரியையே நிரப்பலாம்.

வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். புத்தகத்தின் உள்ளே எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல், பளபளப்பான தாளில், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படங்களோடு, யாரோ அவசரத்தில் மொழிபெயர்த்த சின்ட்ரெல்லாவும் பஞ்சதந்திரமும் நம் கடைகளில் கொட்டிக் கிடக்கின்றன. எழுத்துப்பிழையும் ஒற்றுப்பிழையுமாக இருக்கும் அந்த வாக்கியங்களை ஒரு பெரியவரே வாய்விட்டுப் படிக்க முடியாது. அதைக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்குத் தமிழ் பிடிக்கவில்லை என்கிறோம். இன்னாருக்காக இதை எழுதினேன் என்று பெயர் போட்டுப் பொறுப்பேற்கும் ஒருவரின் புத்தகத்தைத் தேடி வாங்குங்கள்.

படப் புத்தகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நாம் அதிகம் அலட்சியம் செய்வது அதைத்தான். எழுத்து குறைவாக இருக்கிறது, காசு வீண் என்கிறோம். தூலிகாவின் ‘கஜபதி குலபதி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அசோக் ராஜகோபாலன் எழுதி அவரே வரைந்தது. ஒரு பெரிய யானைக்கு ஜலதோஷம் பிடிக்கிறது, தும்மல் வரப்போகிறது. அவ்வளவுதான் கதை. அந்தத் தும்மல் எப்போது வரும் என்று மூன்று வயதுக் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வந்ததும் விழுந்து விழுந்து சிரிக்கும். “இன்னொரு வாட்டி” என்று கேட்கும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தே காத்திருப்பது, படத்தின் மூலையில் போன தடவை பார்க்காத ஒன்றைக் கண்டுபிடிப்பது, ஒலிக்கும் எழுத்துக்கும் உறவு இருக்கிறது என்று மெல்லப் புரிந்துகொள்வது எல்லாம் அந்த மடியில்தான் நடக்கின்றன. படத்தைப் படிக்கத் தெரிந்த குழந்தைக்கு எழுத்து தானாக வரும். பத்து வயதுப் பிள்ளைகூடப் படப் புத்தகம் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். “நீ என்ன பாப்பாவா?” என்று கேட்காதீர்கள்.

அதே புத்தகத்தையே இருபது தடவை கேட்கிறான், சலிப்பாக இருக்கிறது என்கிறீர்கள். சலிப்பு உங்களுக்கு. அவன் ஒவ்வொரு தடவையும் வேறு எதையோ எடுத்துக்கொண்டிருக்கிறான். படித்துக் காட்டுங்கள். பக்கத்தைத் தாண்டி ஏமாற்றாதீர்கள், கண்டுபிடித்துவிடுவான்.

அப்பாக்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். கதை சொல்வது அம்மாவின் வேலை, பாட்டியின் வேலை என்று ஒதுங்கியிருப்பது போதும். வேலை முடிந்து அலுத்து வருகிறீர்கள், தெரிகிறது. அந்த அலுப்போடேதான் அரை மணி நேரம் செல்போனில் வீடியோ தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் கால் மணி நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். உங்கள் குரலில் யானை தும்மட்டும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வருவோம். எஸ். ராமகிருஷ்ணனின் ‘கால் முளைத்த கதைகள்’ உலகின் பல பழங்குடி மக்கள் சொல்லிவந்த தோற்றக் கதைகளின் தொகுப்பு. ஒரு நாளைக்கு ஒரு கதை என்று வாய்விட்டுப் படிக்க ஏற்றது. விழியனின் ‘பென்சில்களின் அட்டகாசம்’ எழுதுபொருள் பெட்டிக்குள் கிடக்கும் பென்சில்களுக்கு உயிர் கொடுத்துவிடுகிறது. இரண்டாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை தானே படித்து முடிக்கக்கூடிய புத்தகம். முடித்ததும் தன் பென்சில் பெட்டியை வேறு கண்ணால் பார்க்கும். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’க்கு 2023இல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. கீழடி மண்ணைத் தொட்டு, இன்றைய சிறுவனையும் அந்தக் காலத்து ஆதனையும் சந்திக்க வைக்கும் கதை. ஆதன் என்ற பெயர் கீழடிப் பானை ஓடுகளில் கீறப்பட்டிருக்கும் பெயர். புத்தகத்தைப் படித்துவிட்டுப் பிள்ளையைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள், 2023இலிருந்து திறந்திருக்கிறது. பாடநூலில் மூன்று வரியாக இருப்பது அங்கே கண்ணெதிரே மண்ணாகவும் செங்கலாகவும் நிற்கும். ‘தன்வியின் பிறந்தநாள்’ எழுதிய யூமா வாசுகி, ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ எழுதிய விஷ்ணுபுரம் சரவணன் ஆகியோரும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே விருதைப் பெற்றவர்கள். நம் ஊர்களிலேயே வாழ்ந்துகொண்டு, நம் பிள்ளைகளுக்காக எழுதிக்கொண்டிருக்கும் இவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? யூடியூபில் பொம்மைப் பெட்டி பிரிப்பவர்களின் பெயரெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறோம்.

ஒரே ஒரு புத்தகத்தை வீட்டில் எல்லோரும் படியுங்கள் என்று சொல்ல அனுமதி கிடைத்தால் நான் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’யைச் சொல்வேன். ஜப்பானில் 1981இல் வெளிவந்தது. எழுதிய டெட்சுகோ குரோயாநாகி தன்னுடைய சிறுவயதையே எழுதினார். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டிருக்கிறது. ஆசிரியப் பயிற்சியில் இதைச் சொல்கிறார்கள், கல்வியாளர்கள் மேடையில் சொல்கிறார்கள். அதனாலேயே இது பெரியவர்களின் புத்தகம் என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை தாராளமாகப் படிக்கும்.

முதல் வகுப்பிலேயே ஒரு சிறுமியைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். மேசையின் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாள், ஜன்னலில் நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களை அழைக்கிறாள், வகுப்பு நடத்த முடியவில்லை என்பது குற்றச்சாட்டு. அம்மா அவளை இன்னொரு பள்ளிக்கு அழைத்துப் போகிறார். டோமோயி என்ற அந்தப் பள்ளியில் வகுப்பறைகளாக இருப்பவை பழைய ரயில் பெட்டிகள். தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாள் அவளை எதிரில் உட்கார வைத்து, என்ன வேண்டுமானாலும் பேசு என்கிறார். நான்கு மணி நேரம் அவள் பேசுகிறாள், அவர் கேட்கிறார். கொட்டாவி விடாமல், கடிகாரம் பார்க்காமல் கேட்கிறார்.

பலரும் கோபயாஷியைப் பற்றியே பேசுவார்கள். நான் அந்த அம்மாவைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்பதை அவர் மகளிடம் சொல்லவேயில்லை. வேறு பள்ளிக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டார். டோட்டோ-சானுக்கு இருபது வயதான பிறகுதான் நடந்தது என்ன என்று சொன்னார். அந்தப் பதினான்கு பதினைந்து ஆண்டுகளில் ஒரு கோபத்தில்கூட, “உன்னை ஸ்கூல்லயே வேணாம்னு துரத்துனாங்க” என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நம் வீடுகளில் இரண்டு மதிப்பெண் குறைந்தால் மாலைக்குள் அத்தை, சித்தி, பக்கத்து வீடு வரை தெரிந்துவிடுகிறது, பிள்ளையை எதிரில் நிறுத்தி வைத்துக்கொண்டே. இந்தப் புத்தகத்தைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் படிக்காமல் இருந்துவிடாதீர்கள். போலியோவால் கால் பாதிக்கப்பட்ட நண்பன் யாசுவாகியை டோட்டோ-சான் தன் மரத்தில் ஏற்றும் பகுதியைச் சேர்ந்து வாய்விட்டுப் படியுங்கள். படித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் கேளுங்கள். அந்தப் பள்ளி 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது என்று வரும் இடத்தில் அழும் பிள்ளையும் உண்டு. அழட்டும். “கதைதானே” என்று சொல்லிவிடாதீர்கள், அது நடந்தது.

அழவைக்கும் புத்தகம், பயமுறுத்தும் புத்தகம், சங்கடமான விஷயம் பேசும் புத்தகம் பிள்ளைகளுக்குக் கூடாது என்று நாமாக ஒரு வேலி போட்டிருக்கிறோம். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ அந்த வேலியைத் தாண்டி வந்த நாவல். ஒரு சிறுமிக்குக் கிடைத்த மரப்பாச்சி பொம்மை அவளோடு பேசத் தொடங்குகிறது. தகாத முறையில் தொடும் பெரியவர்களைப் பற்றி வாய்திறக்க அவளுக்கு அது தைரியம் கொடுக்கிறது. 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. இதைக் கையில் எடுத்துப் பின்னட்டையைப் படித்துவிட்டு, “இதெல்லாம் இப்பவே எதுக்கு?” என்று திரும்ப வைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இப்போதே வேண்டும் என்பதால்தான் அதை எழுதியிருக்கிறார்கள். உங்கள் வாயால் சொல்ல முடியாமல் நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் விஷயத்தை அந்த பொம்மை பயமில்லாமல் சொல்லிவிடுகிறது. முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள், அதுதான் நான் கேட்பது.

இரா. நடராசனின் ‘ஆயிஷா’ வேறு வகை. கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த ஒரு மாணவியை நம் வகுப்பறைகள் என்ன செய்தன என்று சொல்லும் சிறு புத்தகம். முடிவு கொடுமையானது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் “சும்மா நொச்சு நொச்சுன்னு கேள்வி கேக்காதே” என்று பிள்ளையை அதட்டும் எந்தப் பெற்றோரும் அதைப் படிக்காமல் இருக்கக் கூடாது.

காமிக்ஸ் படித்தால் கெட்டுப்போவான் என்ற பயம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. சிவகாசியிலிருந்து 1972இல் இரும்புக்கை மாயாவியோடு வந்த முத்து காமிக்ஸும், பின்னால் வந்த லயன் காமிக்ஸும் எத்தனை பேரைத் தமிழ் வாசகர்களாக்கின என்று, இன்று ஐம்பதைத் தாண்டிய நல்ல வாசகர்களைக் கேளுங்கள். தடித்த புத்தகத்தைக் கண்டாலே ஓடும் பத்து வயதுப் பையனுக்கு லக்கி லூக்கைக் கொடுத்துப் பாருங்கள். படக்கதையில் தொடங்கியவர்கள் அங்கேயே நின்றுவிடுவதில்லை.

இனி, சொல்லவே வருத்தமாக இருக்கும் ஒன்று. “அவனுக்குத் தமிழ் படிக்க வராதுங்க, இங்கிலீஷ்னா சரளமா படிப்பான்.” இதைச் சொல்லும்போது நம் முகத்தில் ஒரு பெருமை தெரிகிறது. வீட்டில் தமிழ் பேசி, தமிழில் சண்டை போட்டு, தமிழில் கனவு காணும் பிள்ளைக்குத் தன் தெருப் பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிகிறது என்றால் அது துக்கமான விஷயம். ஆங்கிலப் புத்தகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நன்றாகப் படிக்கட்டும். ஆனால் பாட்டி எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க முடியாத வீட்டை நாமே கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதை யோசியுங்கள். ஆறாம் வகுப்பு வரை தமிழில் ஒரு கதையும் படிக்காத பிள்ளையிடம் திடீரென்று நாவலைக் கொடுத்தால் ஓடத்தான் செய்யும். கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படித் தொடங்கப் பணம்கூட வேண்டாம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளமாக இருக்கின்றன, எல்லாம் இலவசம். நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான். தரவிறக்கி அச்சடித்துக்கொள்ளவும் அனுமதி இருக்கிறது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கமும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை உருவாக்கி அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல், அதற்கு மேல் படிப்பவர்களுக்குத் தேன்சிட்டு என்று இதழ்களும் அந்தத் துறை வெளியிட்டது. உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், பள்ளியில் என்ன கதைப் புத்தகம் படித்தாய் என்று என்றாவது கேட்டிருக்கிறீர்களா? “ஹோம்வொர்க் முடிச்சிட்டியா” என்று மட்டும் தினமும் கேட்கிறோம்.

பெ. தூரனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்களுக்கான தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளை உருவாக்கியவர், அதோடு ஓய்ந்துவிடாமல் குழந்தைகளுக்கென்று தனியே இன்னொரு பத்துத் தொகுதிகளுக்கும் தலைமைப் பதிப்பாசிரியராக உட்கார்ந்தார். தமிழ்நாட்டுப் பிள்ளைக்குத் தன் மொழியில் எல்லா அறிவும் கிடைக்க வேண்டும் என்று நினைத்த ஒரு தலைமுறை இங்கே இருந்தது. அந்தக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் யாரும் படிக்கும்படி இருக்கிறது. தகவல்கள் பழையவைதான், 2006இல் கோள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட புளூட்டோ அங்கே இன்னும் கோள்தான். அதையே பிள்ளையிடம் காட்டி, அறிவியல் எப்படித் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று பேசலாம். ஜி.கே. புத்தகம் தேடி அலையும் நாம், நமக்காகவே எழுதி வைத்ததை ஒருநாள்கூடத் திறந்து பார்த்ததில்லை.

நூலகத்துக்கு வருவோம். சுதந்திர இந்தியாவில் பொது நூலகச் சட்டம் முதலில் வந்தது நம் மாநிலத்தில்தான், 1948இல். அதற்கு வித்திட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற புத்தகம் கிடைக்க வேண்டும் என்று 1931லேயே விதி வகுத்தவர். அந்த விதியில் வரும் வாசகர்களில் உங்கள் ஆறு வயது மகளும் ஒருத்தி. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியையும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதிகள் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கும்போது, பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்கள் எட்டிப் பார்த்ததில்லை.

“எங்க ஊர் கிளை நூலகத்துல பிள்ளைங்க புக்கே இல்ல, இருக்கிறதும் அலமாரில பூட்டிக் கிடக்கு” என்பீர்கள். சில இடங்களில் உண்மைதான். திறந்து கொடுங்கள் என்று கேட்ட பெற்றோர் எத்தனை பேர்? வாரம் ஒருமுறை பிள்ளையோடு வந்து கேட்கும் நான்கு குடும்பங்கள் இருந்தால் எந்த நூலகரும் அந்த அலமாரியைப் பூட்டி வைக்க மாட்டார். வேண்டிய புத்தகங்களின் பெயரை எழுதிக் கொடுங்கள். மேலே சொன்ன பெயர்களையே எழுதிக் கொடுங்கள்.

பிள்ளை எடுக்கும் புத்தகம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பேய்க்கதை எடுப்பான், நான்கு வயதுக்கான புத்தகத்தை எட்டு வயதில் எடுப்பான், பாதியில் மூடி வைத்துவிட்டு வேறொன்றுக்குத் தாவுவான். விட்டுவிடுங்கள். பிடிக்காத புத்தகத்தை மூடி வைக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அவனுக்கும் இருக்கட்டும். எத்தனை பக்கம் படித்தாய் என்று கணக்குக் கேட்காதீர்கள். படித்ததை உறவினர் முன்னால் சொல்லிக் காட்டச் சொல்லாதீர்கள். டியூஷனுக்கும் அபாகஸுக்கும் இந்திக்கும் கராத்தேக்கும் ஒதுக்கிய நேரத்தில் ஏதாவது ஒன்றைக் குறைத்து, ஒன்றும் செய்யாமல் புரண்டு படுத்துப் படிக்க ஒரு மாலையைக் கொடுங்கள்.

பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். வரும் ஞாயிறு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். உறுப்பினர் அட்டையைப் பிள்ளைக்கென்று கேட்டு வாங்குங்கள். புத்தகத்தை அவளே எடுக்கட்டும். அன்று இரவு அதை நீங்கள் படித்துக் காட்டுங்கள்.